காதல் ஆளை மாற்றும் விதம்: அகத்திணைக்கு ஓர் எளிய அறிமுகம்

"காதலிக்க ஆரம்பிச்சதுல இருந்து ஆளே மாறிட்டான்" என்று யாரைப் பற்றியாவது நாம் எல்லோரும் சொல்லியிருப்போம். எப்படி மாறினான் என்று கேட்டால்தான் பதில் ஆளுக்கொன்றாக வரும். வீட்டில் வாயே திறக்காத பெண் சரளமாகப் பொய் சொல்லப் பழகியிருப்பாள். எடுத்ததற்கெல்லாம் கோபப்படுகிறவன் பொறுமைசாலி ஆகியிருப்பான். பக்கத்துத் தெருவுக்குத் தனியாகப் போகப் பயந்தவள் ஒரு பையோடு ராத்திரி பஸ் ஏறியிருப்பாள். காதல் ஒன்றுதான் என்றால் இத்தனை விதமாக ஏன் மாற்ற வேண்டும்?

'நீங்கள் எந்த வகைக் காதலர்?' என்று பத்துக் கேள்வி கேட்டு முடிவு சொல்லும் விளையாட்டுகள் இணையத்தில் நிறைய. அவை மனிதர்களை வகை பிரிக்கின்றன. சங்க அகப்பாடல்களும் அவற்றுக்கு இலக்கணம் சொன்ன தொல்காப்பியமும் பிரித்தது வேறொன்றை. காதலில் ஒருவர் இப்போது எந்த நிலையில் நிற்கிறார் என்பதைத்தான் அவை பார்த்தன. ஊருக்குத் தெரியாமல் சந்திக்கிறாரா, பிரிந்திருக்கிறாரா, காத்திருக்கிறாரா, கோபித்துக்கொண்டு கதவைச் சாத்தியிருக்கிறாரா, எதிர்ப்பக்கம் பதிலே இல்லாமல் தவிக்கிறாரா? நிலை மாறினால் ஆளும் மாறுவார். மலைநாட்டில் அம்மாவிடம் மறைத்துத் திரிந்த அதே பெண் பிறகொரு பாட்டில் நிதானமாகக் காத்திருப்பாள், இன்னொரு பாட்டில் கணவனை வாசலிலேயே நிறுத்திக் கேள்வி கேட்பாள்.

பள்ளியில் இதை அட்டவணையாகப் படித்திருப்போம். குறிஞ்சி, மலை, புணர்தல். முல்லை, காடு, இருத்தல் என்று கட்டம் போட்டு மனப்பாடம் செய்து தேர்வில் கொட்டிவிட்டு மறந்தும் போயிருப்போம். அட்டவணையில் தப்பில்லை, அதோடு நிறுத்தியதுதான் கெட்டது. தொல்காப்பியம் ஒரு பாட்டில் மூன்று பொருள்களைப் பார்க்கச் சொல்கிறது. நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்த நிலத்துத் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, தொழில் எல்லாம் கருப்பொருள். புணர்தல், பிரிதல், இருத்தல், இரங்கல், ஊடல் ஆகிய ஐந்தும் அவற்றை ஒட்டி நடப்பவையும் உரிப்பொருள். பாட்டின் உயிர் இந்த மூன்றாவதில் இருக்கிறது. மலையும் மழையும் குருகும் அதற்குப் பின்னணி இசை மாதிரி.

மொத்தம் ஏழு திணை, அதாவது காதல் நிலையின் வகை. நடுவில் இருக்கும் ஐந்தும் இருவரும் விரும்பும் காதல். முன்னால் நிற்கும் கைக்கிளை ஒருதலைக் காதல், கடைசியில் நிற்கும் பெருந்திணை பொருந்தாக் காதல். நடுவில் உள்ள ஐந்திணையில் காதல் கதையில் வருகிற யார் பெயரையும் சொல்லக்கூடாது என்று ஒரு விதியும் உண்டு. எல்லோரும் தலைவன், தலைவி, தோழி, வளர்த்த தாயான செவிலிதான். பெயர் இல்லாததால் யார் வேண்டுமானாலும் அந்த இடத்தில் தன்னை நிறுத்திப் பார்த்துக்கொள்ளலாம்.

குறிஞ்சியிலிருந்து ஆரம்பிப்போம். இங்கே நடப்பது பெரும்பாலும் களவு, அதாவது ஊருக்கும் வீட்டுக்கும் தெரியாத காதல். இந்தக் காதல் முதலில் கற்றுத்தருவது ரகசியம். அதுவரை அம்மாவுக்குத் தெரியாத விஷயம் என்று எதுவும் இல்லாத பெண்ணுக்கு இப்போது ஒன்று இருக்கிறது. வாய் மறைத்தாலும் உடம்பு காட்டிக்கொடுக்கிறது: மெலிகிறாள், வளை கழல்கிறது, உடம்பு வெளிறிப் பசலை படர்கிறது. பிள்ளைக்கு ஏதோ தெய்வக் குற்றம் என்று பயந்து அம்மா முருகன் பூசாரியான வேலனைக் கூப்பிட்டு வெறியாட்டு என்ற சாமியாட்டம் எடுக்கிறாள். முருகனும் வந்துவிடுகிறான். நற்றிணை 34ஆம் பாட்டில் (பாடியவர் பிரமசாரி) தோழி அவனைப் பிடித்துக்கொள்கிறாள். இவளுக்கு வந்த நோய் உன்னால் வந்தது இல்லை என்று உனக்கே தெரியும். தெரிந்தும் வேலன் கூப்பிட்டான் என்று கடம்ப மாலையைப் போட்டுக்கொண்டு வந்து நிற்கிறாயே, "கடவுள் ஆயினும் ஆக, மடவை மன்ற வாழிய முருகே" என்கிறாள். நீ கடவுளாகவே இருந்துவிட்டுப் போ, ஆனாலும் விவரம் இல்லாதவன்தான், நல்லா இரு! குறிஞ்சிக்குத் தெய்வமே முருகன். அவன் நிலத்திலேயே அவனை நிற்கவைத்துக் கேட்கிற துணிச்சல் அந்தத் தோழிக்கு வந்திருக்கிறது. களவு காதலர் இருவரை மட்டும் மாற்றுவதில்லை, கூட நிற்கும் சிநேகிதியையும் சேர்த்து மாற்றுகிறது.

இந்த ரகசியத்துக்கு இன்னொரு முகமும் உண்டு, அது அவ்வளவு வேடிக்கையானதில்லை. குறுந்தொகை 25இல் கபிலரின் தலைவி நினைத்துப் பார்க்கிறாள்: அவன் என்னோடு கூடிய அன்று வேறு யாரும் இல்லை, அவன்தான் இருந்தான், அவனே பொய் சொன்னால் நான் என்ன செய்ய முடியும்? சாட்சி என்று பார்த்தால் ஒரு குருகு நின்றது. தினைத்தாள் போன்ற மெல்லிய பசுங்கால்களோடு, ஓடும் தண்ணீரில் ஆரல் மீன் எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டு. மீனில் கண்ணாக இருந்த பறவை எதைப் பார்த்திருக்கப் போகிறது? ரகசியமாகக் காதலிப்பவருக்குக் கிடைக்கும் துணிச்சலும் இந்தக் கையறு நிலையும் ஒரே மூட்டையில்தான் வருகின்றன.

பிரிவைப் பாடும் பாலைக்குத் தொல்காப்பியம் தனி நிலம் ஒதுக்கவில்லை. முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் வறண்டு திரிந்து பாலை ஆகும் என்று சிலப்பதிகாரம் சொல்கிறது. பிரிவு என்பது எந்தக் காதலுக்குள்ளும் வந்து குடியேறக்கூடியது என்பதால் அதற்கென்று ஓர் இடத்தைக் குறிக்காமல் விட்டது எனக்குச் சரியாகவே படுகிறது. அகநானூற்றின் 400 பாடல்களில் ஒற்றைப்படை எண் கொண்ட 200 பாடல்களும் பாலைதான். சரிபாதி! அந்தப் புலவர்கள் காதலைப் பற்றி எங்கே அதிகம் யோசித்தார்கள் என்பது இதிலேயே தெரியும்.

காதல் ஒரு பெண்ணை என்ன செய்கிறது என்பதற்கு எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த பாட்டு நற்றிணை 110. போதனார் பாடியது, திணை பாலை. பேசுவது தாய். மகள் சின்னவளாக இருந்தபோது நடந்ததை நினைக்கிறாள்: தேன் கலந்த பால் பொற்கலத்தில் ஒரு கையில், மிரட்டுவதற்குப் பூச்சுற்றிய சிறுகோல் மறு கையில். "உண்" என்று ஓங்கினால் முத்துப் பரல் போட்ட சிலம்பு ஒலிக்கப் பந்தலுக்கு ஓடிவிடுவாள். நரைத்த கூந்தல் செவிலியர் துரத்தித் துரத்திக் கால் ஓய்ந்து நின்றுவிடுவார்கள். அப்படிப்பட்ட விளையாட்டுப்பிள்ளை பெரியவளாகி, கல்யாணமாகி, இன்று கணவன் வீட்டில் இருக்கிறாள். அந்தக் குடும்பம் நொடித்துவிட்டது. அப்பா வீட்டுக் கொழுஞ்சோற்றை அவள் நினைத்துக்கூடப் பார்ப்பதில்லை. ஒருபொழுது விட்டு ஒருபொழுது சாப்பிட்டுக்கொண்டு உறுதியாக இருக்கிறாள். "அறிவும் ஒழுக்கமும் யாண்டு உணர்ந்தனள்கொல்?" என்று தாய் வியக்கிறாள். இதெல்லாம் இவள் எங்கே கற்றாள்?

பாட்டு அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதில்லை. யாரும் உட்காரவைத்துச் சொல்லித்தந்திருக்க முடியாது என்பது மட்டும் தெரிகிறது. ஊட்ட வந்தவர்களிடமிருந்து ஓடிய கால்தான் இப்போது பட்டினியிலும் அசையாமல் நிற்கிறது. அன்றைய பிடிவாதம் எங்கேயும் போகவில்லை, வேறு வேலைக்கு மாறியிருக்கிறது என்றே எனக்குத் தோன்றுகிறது. இந்தப் பாட்டைக் காட்டிப் பெண்களுக்குப் பொறுமையை உபதேசம் செய்கிறவர்களும் உண்டு. அவர்கள் அந்தப் பிடிவாதத்தைப் பார்க்கத் தவறிவிடுகிறார்கள்.

ஆண் பக்கத்துப் பாலை வேறு மாதிரி. பொருள் தேடப் போனவன் நடுவழியில் நிற்கிறான். திரும்பிவிடு என்கிறது நெஞ்சு. எடுத்த காரியத்தைப் பாதியில் விட்டால் இழுக்கு என்கிறது அறிவு. இரண்டு களிறுகள் எதிரெதிரே பற்றி இழுக்கும் தேய்ந்த பழங்கயிறு போல என் உடம்பு அறுந்துவிடுமோ என்கிறான். நற்றிணை 284. இதைப் பாடியவர் பெயர் தெரியாததால் அந்த உவமையையே பெயராக்கித் தேய்புரிப் பழங்கயிற்றினார் என்று வைத்துவிட்டார்கள். வளைகுடா நாட்டு விமானம் ஏறப்போகும் ஒருவருக்கு இந்தப் பாட்டுக்கு உரை தேவைப்படாது.

அடுத்தது முல்லை, காத்திருப்பு. கடற்கரைத் திணையான நெய்தலும் ஏறக்குறைய அதுதானே என்று ஆரம்பத்தில் குழப்பம் வரும். வித்தியாசம் நம்பிக்கையில் இருக்கிறது. கார்காலத்தில் வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். கார் வந்துவிட்டது, கொன்றை பூத்துவிட்டது, ஆளைக் காணோம். குறுந்தொகை 21இல் ஓதலாந்தையாரின் தலைவி சொல்கிறாள்: இது கார்காலம் என்று காடே சொன்னாலும் நான் நம்பமாட்டேன், "அவர் பொய் வழங்கலரே." காடு பொய் சொல்லலாம், அவர் சொல்லமாட்டார். பைத்தியக்காரத்தனம் மாதிரிதான் இருக்கிறது. ஆனால் ஒருவரை இந்த அளவு நம்ப முடிவதும் காதல் தருகிற ஒரு திறன்தான்.

காத்திருக்கப்படுகிறவனையும் முல்லை மாற்றுகிறது. அகநானூறு 4ஆம் பாட்டில், குறுங்குடி மருதனார் காட்டும் தலைவன் போர்ப் பாசறையிலிருந்து தேரில் வீடு திரும்புகிறான். பூத்த சோலையில் வண்டுகள் துணையோடு தேன் குடித்துக்கொண்டிருக்கின்றன. மணிச்சத்தம் கேட்டு அவை கலைந்துவிடக்கூடாதே என்று தேர்மணியின் நாக்கைக் கட்டிவிட்டு வருகிறான். போருக்குப் போய்வந்த ஆள்! வீட்டில் ஒருத்தி காத்திருக்கிறாள் என்ற நினைப்பு அவனுக்குக் கண்ணில் படுகிற ஜோடிகளிடமெல்லாம் கரிசனத்தைக் கொடுத்திருக்கிறது.

கல்யாணத்துக்குப் பிறகான சாதாரண நாளுக்கும் முல்லையில் இடம் உண்டு. குறுந்தொகை 167இல் புதிதாகக் குடித்தனம் தொடங்கியவள் கெட்டித் தயிரைக் கையால் பிசைகிறாள். அந்தக் கையாலேயே நழுவும் சேலையைச் சரிசெய்துகொள்கிறாள், துவைக்கவெல்லாம் நேரமில்லை. தாளிக்கிற புகை கண்ணை மறைக்கிறது. அப்படி அவள் வைத்த புளிக்குழம்பை "இனிது" என்று கணவன் சாப்பிட்டதும் அவள் முகம் "நுண்ணிதின் மகிழ்ந்தன்று" என்று முடிக்கிறார் கூடலூர் கிழார். அந்தப் பெண் பாட்டில் ஒரு வார்த்தையும் பேசுவதில்லை. தயிர் படிந்த சேலைதான் பேசுகிறது.

நெய்தலைப் பற்றி நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை, அது ஒரே உணர்ச்சியில் ஆழமாக இறங்குவது. நம்பிக்கை கரைகிற காத்திருப்பு. குறுந்தொகை 290: காமத்தைப் பொறுத்துக்கொள் என்று சொல்கிறவர்களுக்கு அது என்னவென்றே தெரியாதா, இல்லை அவர்களுக்கு அவ்வளவு மனவலிமையா என்று கேட்கிறாள் தலைவி. நானோ அவரைக் காணாவிட்டால், வெள்ளத்தில் கல்லில் மோதும் சிறுநுரை போல "மெல்ல மெல்ல இல்லாகுதுமே" என்கிறாள். இதைப் பாடியவரையும் கல்பொரு சிறுநுரையார் என்றே அழைக்கிறோம். ஆறுதல் சொல்லப் போகிறவர்கள் அந்தப் பாட்டின் முதல் வரியை ஒரு தடவை படித்துவிட்டுப் போகலாம்.

மருதத்துக்கு வந்தால் காற்று மாறிவிடும். இது வயலும் பொய்கையும் செழித்த ஊர், உரிப்பொருள் ஊடல், அதாவது காதலர் கோபம். தலைவன் பரத்தை எனப்படும் வேறொரு பெண்ணிடம் போய்வருகிறான், தலைவி அவனை வீட்டுக்குள் விட மறுக்கிறாள். உரிமை இருக்கிற இடத்தில்தான் ஊட முடியும். குறிஞ்சியில் குருகைத் தவிர வேறு சாட்சியில்லாமல் தவித்தவளுக்கு இங்கே வீடு இருக்கிறது, கேட்கிற வாய் இருக்கிறது. மிளைக் கந்தன் பாடிய குறுந்தொகை 196இல் தோழி தலைவன் முகத்துக்கு நேரே சொல்கிறாள்: அன்று என் தோழி வேம்பின் பச்சைக்காயைத் தந்தபோது வெல்லக்கட்டி என்றீர். இன்று பாரியின் பறம்புமலைச் சுனைத் தண்ணீரைத் தை மாதக் குளிரில் தந்தாலும் சுடுகிறது, உவர்க்கிறது என்கிறீர். "ஐய, அற்றால் அன்பின் பாலே." தண்ணீர் மாறவில்லை ஐயா, உம் நாக்குத்தான் மாறியிருக்கிறது என்பதை இதைவிட மரியாதையாகச் சொல்ல முடியுமா?

மருதத்தில் எனக்குப் பிடித்தது, யாரையும் முழுக்க நல்லவராகவோ கெட்டவராகவோ அது விட்டுவைப்பதில்லை. குறுந்தொகை 8இல் பேசுவது பரத்தையே. எங்கள் வீட்டில் பெரிய பேச்சுப் பேசுகிறான், தன் வீட்டுக்குப் போனால் கண்ணாடியில் தெரியும் உருவம் போல, தூக்கின கைக்குக் கையும் காலுக்குக் காலும் தூக்குகிறான், அவன் மகனுடைய தாய்க்கு என்கிறாள். ஆலங்குடி வங்கனார் பாட்டு. இரண்டு வீட்டிலும் இரண்டு ஆளாக இருந்து கடைசியில் எங்கேயும் தானாக இல்லாமல் போனவனின் சித்திரம் இது. அகநானூறு 16இல் சாகலாசனார் இன்னொன்று காட்டுகிறார். தெருவில் விளையாடும் பிள்ளையைப் பரத்தை தூக்கிக் கொஞ்சுகிறாள். அதைத் தலைவி பார்த்துவிடுகிறாள். ஏன் பதறுகிறாய், "நீயும் தாயை இவற்கு" என்று சொல்லி அவளை அணைத்துக்கொள்கிறாள். திருட்டில் பிடிபட்டவளைப் போல அந்தப் பெண் தலைகுனிந்து காலால் நிலத்தைக் கிளைத்துக்கொண்டு நிற்கிறாள். இதைக் கணவனிடம் தலைவியே சொல்லிக்காட்டுகிறாள். பெருந்தன்மையா, குத்தலா? இரண்டும்தான். அடிபட்ட காதல் மனிதர்களுக்குக் கொடுக்கிற கூர்மை அது.

இனி ஓரங்களில் இருக்கும் இரண்டு. கைக்கிளையில் எதிர்ப்பக்கம் பதில் கிடையாது. தனக்குத் தானே பேசி இன்பம் காண்பதுதான் அதன் இயல்பு என்கிறது தொல்காப்பியம். இதற்குப் புறநானூற்றுக்குப் போக வேண்டும். சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி மேல் பெருங்கோழி நாய்கன் மகள் நக்கண்ணையார் கொண்ட காதல் 83 முதல் 85 வரை மூன்று பாடல்களில் இருக்கிறது. காதலிக்கப்படுகிறவன் இன்னான் என்று தெரிவதால் அவை அகத்தில் சேராமல் புறத்துக்குப் போய்விட்டன. ஒன்றில், வளை கழல்வதை அம்மா பார்ப்பாளோ என்று பயம், அவனைத் தழுவ அவையை நினைத்துக் கூச்சம். என்னைப் போல இந்த ஊரும் நடுங்கட்டும் என்று சபிக்கிறார். மற்றொன்றில் அவன் களத்தில் இருக்கிறான். அவனுக்கு இது சொந்த ஊரும் இல்லை, சொந்த நாடும் இல்லை. அதனால் வெற்றி அவனுக்கே என்கிறது ஒரு கூட்டம், இல்லை என்கிறது இன்னொரு கூட்டம். இவர் சிலம்பு ஒலிக்க ஓடிப்போய் வீட்டருகே முழவு போன்ற அடிமரம் உள்ள பனையில் சாய்ந்து நின்று, அவன் வென்றதைத் தன் கண்ணாலேயே பார்த்துவிடுகிறார். அவனுக்கு இவர் யார் என்றாவது தெரியுமா என்பதற்குப் பாட்டில் ஜாடைகூட இல்லை. ஆனால் அந்த ஓட்டத்தில் இருக்கிற சந்தோஷம் முழுக்க இவருடையது. ஒருதலைக் காதலை வெறும் இழப்பாகப் பார்க்கிறவர்கள் இந்தப் பனைமரத்தடியைக் கணக்கில் எடுப்பதில்லை.

பெருந்திணை எல்லை மீறின நிலை. தொல்காப்பியம் அதில் மடல் ஏறுவதை முதலில் சொல்கிறது. காதல் கைகூடாதவன் பனைமடலால் குதிரை செய்து, எருக்கம்பூ சூடி, தெருவில் ஊர் பார்க்க வருவது. ஊரின் முன்னால் தன்னையே அசிங்கப்படுத்திக்கொண்டு பெண்ணின் வீட்டாரை மிரட்டுகிற வேலை என்றும் இதைச் சொல்லலாம். மடல் ஏறுவேன் என்று வாயால் சொல்வது ஐந்திணைக்குள் அடங்கும், உண்மையில் ஏறிவிட்டால் பெருந்திணை. பேரெயின் முறுவலார் குறுந்தொகை 17இல், காமம் முற்றினால் மடலும் ஏறுவார்கள், எருக்கும் சூடுவார்கள், தெருவில் ஊர் ஆரவாரிக்கவும் படுவார்கள், "பிறிதும் ஆகுப" என்கிறார். அந்தப் பிறிது என்ன என்று அவர் சொல்லாமல் விட்டது பயமுறுத்துகிறது. பெண் மறுத்தால் அவளைத் துரத்துவதையும் மிரட்டுவதையும் காதலின் ஆழம் என்று காட்டிய நம் சினிமாவை நினைத்துக்கொண்டால், சொல்வதற்கும் செய்வதற்கும் நடுவே அன்றைக்கே கோடு போட்டிருக்கிறார்கள் என்பது உறைக்கும்.

இந்த ஏற்பாட்டில் குறை இல்லையா என்றால், இருக்கிறது. போகிறவன் எப்போதும் ஆண், காத்திருப்பவள் எப்போதும் பெண். பரத்தையிடம் போவது அவனுக்கு ஒரு துறை, அதாவது பாட்டுக்கு ஏற்ற சூழல், அவளுக்கு அப்படி எதுவும் கிடையாது. அதைவிட எனக்கு உறுத்துவது, அடியவர்களுக்கும் ஏவல் தொழில் செய்பவர்களுக்கும் ஐந்திணைக்குப் புறத்தே கைக்கிளையிலும் பெருந்திணையிலும்தான் தொல்காப்பியம் இடம் தருகிறது. வேலைக்காரர் காதலித்தால் அது ஒருதலையாகவோ பொருந்தாததாகவோதான் இருக்கும் என்று வைத்த கணக்கு அது. காதல் ஆளை எப்படி மாற்றும் என்று இவ்வளவு நுட்பமாகப் பார்த்தவர்கள் எல்லா ஆட்களையும் பார்க்கவில்லை.

படிக்க ஆசை வந்தவர்கள் குறுந்தொகையில் தொடங்கலாம். பாடல்கள் பெரும்பாலும் நான்கு அடியிலிருந்து எட்டு அடிக்குள் முடிந்துவிடும். உ.வே.சாமிநாதையர் 1937இல் வெளியிட்ட உரைப்பதிப்பு இன்றும் நல்ல துணை. பாட்டுக்குள் இறங்கும் முன் துறைக்குறிப்பைப் படித்துவிடுங்கள்: பேசுவது தலைவியா, தோழியா, பரத்தையா, யாரைப் பார்த்துப் பேசுகிறாள் என்று அதில் இருக்கும். அது தெரியாமல் படித்தால் மரமும் மீனும்தான் கண்ணில் படும். தெரிந்து படித்தால், வாசலுக்கு வெளியே தலைவன் நிற்கும்போது அவன் காதில் விழட்டும் என்றே தோழியிடம் பேசுகிற தலைவிகள் எத்தனை பேர் என்று எண்ண ஆரம்பித்துவிடுவீர்கள்.